வேலைக்கு வந்த காய்ச்சல்

1918 ஜூன் 10 அன்று பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். துறைமுகத்தில் காவலுக்கு நின்றவரும் அவர்களில் உண்டு. மலேரியா அல்ல என்பது மட்டும் தெரிந்தது. அடுத்து வந்த நாட்களில் ஒரு கப்பல் கம்பெனியின் ஆட்கள், துறைமுக டிரஸ்ட் ஊழியர்கள், ஹாங்காங் வங்கிக் குமாஸ்தாக்கள், தந்தி அலுவலகத்தார், நாணயச்சாலைக்காரர்கள், ரேச்சல் சசூன் ஆலைத் தொழிலாளர்கள் என்று வரிசையாகப் படுத்தார்கள். இந்தியாவில் ஒன்றேகால் கோடி முதல் இரண்டு கோடி உயிர்கள் வரை கொண்டுபோனதாகக் கணக்கிடப்படும் ஃப்ளூ காய்ச்சல் உள்ளே நுழைந்த வழி இதுதான். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் வேலைத்தலங்கள்.

உடனே ஒரு சர்ச்சை கிளம்பியது. மே மாதக் கடைசியில் வந்து நின்ற ஒரு கப்பலின் ஆட்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்றார் நகரச் சுகாதார அதிகாரி டர்னர். அந்த ஆட்களுக்கே பம்பாயில்தான் பிடித்தது என்றது அரசு. இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான்: யார் கொண்டுவந்தது? பிடித்த இடத்தில் என்ன செய்திருந்தால் பிடித்திருக்காது என்று கேட்க அன்று ஆளில்லை.

1957 மே மாதம் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் வந்ததும் துறைமுகம் வழியாகத்தான். இந்த முறை மெட்ராஸ். மலாயாப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பலில் அது வந்து இறங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது நாம் கண்டது சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை. லாரிகள் நள்ளிரவில் வரத் தொடங்கும். விடிவதற்குள் சரக்கு இறங்கி, ஏலம் முடிந்து, சில்லறைக் கடைக்காரர் கைக்குப் போய்விட வேண்டும். ஒடுங்கிய நடைபாதையில் தலையில் ஐம்பது கிலோ வெங்காய மூட்டையோடு எதிரெதிரே நடக்கிறவர்களிடம் ஆறடி தள்ளி நில் என்பதற்கு அர்த்தம் கிடையாது. மூச்சு வாங்க நடக்கிறவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கித்தான் ஆகவேண்டும். மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். நாள்தோறும் செய்திகளில் வந்த சொல் 'கோயம்பேடு கிளஸ்டர்'. கிராமங்களில் அவர்களைக் கண்டு கதவைச் சாத்தினார்கள். ஊர் முழுவதும் வீட்டுக்குள் இருந்தபோது ஊருக்குச் சோறு போகவேண்டும் என்று சந்தையில் நின்றதால் நோய்ப்பட்டவர்கள் இவர்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். வேலையில் பிடிக்கும் தொற்று, வேலையில் பட்ட அடிதான். இயந்திரத்தில் விரல் போனால் யாருடைய பொறுப்பு, எப்படிப் பதிவது, எவ்வளவு ஈடு என்று சட்டம் கேட்கிறது. காற்றில் வந்த கிருமியால் நுரையீரல் போனால் அதே கேள்விகள் வருவதில்லை. அவை வராதவரை முகக்கவசம், கைகழுவும் திரவம், சுவரொட்டி ஆகியவற்றைத் தாண்டி எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது.

ஏணியின் கடைசிப் படி

தொழிற்பாதுகாப்புத் துறையில் பழகிப்போன ஓர் ஏணி உண்டு. மேல்படி, ஆபத்தையே இல்லாமல் ஆக்குவது. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைப்பது. அதற்குக் கீழே காற்றோட்டம், தடுப்பு, உறிஞ்சும் விசிறி போன்ற கட்டட, இயந்திர ஏற்பாடுகள். பிறகு ஷிப்ட், விடுப்பு, ஆள் எண்ணிக்கை போன்ற வேலைமுறை மாற்றங்கள். கடைசிப் படியில்தான் தொழிலாளி உடம்பில் மாட்டிக்கொள்ளும் கவசம். அது கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொருவரும், ஒவ்வொரு நிமிடமும், தவறாமல் சரியாகச் செய்தால்தான் அது பலிக்கும்.

கொள்ளைநோய் வந்தால் நாம் இந்த ஏணியில் கீழிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். செலவு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, கவசத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பொறுப்பும் அதோடு கைமாறிவிடுகிறது. நோய் வந்தால் 'மாஸ்க்கை ஒழுங்காகப் போடவில்லை' என்று சொல்லிவிடலாம்.

என்95 கவசம் ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கவசம் போட்டவரின் தலைமேல் முகத்துக்கு நேரே ஒளிபுகும் சாளரம் வைத்த ஒரு பையைக் கவிழ்ப்பார்கள். சின்னத் துளை வழியாகச் சாக்கரின் கரைசலையோ கசப்பான ஒரு திரவத்தையோ உள்ளே தெளிப்பார்கள். அவர் தலையை இருபுறமும் திருப்ப வேண்டும், மேலும் கீழும் பார்க்க வேண்டும், குனிய வேண்டும், உரக்கப் பேச வேண்டும். நாக்கில் இனிப்போ கசப்போ தெரிந்துவிட்டால் கவசத்தின் ஓரம் வழியாகக் காற்று நுழைகிறது என்று பொருள்; வேறு அளவு, வேறு வடிவம் தேட வேண்டும். தாடி இருந்தால் சோதனையே கிடையாது, ஏனெனில் ஒட்டாது. அமெரிக்காவில் இத்தகைய கவசம் போட்டே ஆகவேண்டிய வேலையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. நம் மருத்துவமனைகளில் இது அரிது. பெட்டியைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பதோடு சரி. ஒரே அளவுக் கவசம் குறுகிய முகமுள்ள செவிலியருக்கும் அகன்ற முகமுள்ள வார்டு பாய்க்கும் எப்படிப் பொருந்தும்?

கவசம் பற்றிய ஆய்வுகளையும் பார்த்துவிடலாம். 2009இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 446 செவிலியரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. 2019இல் அமெரிக்காவில் 2,800க்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை வைத்து நடந்த இன்னொன்றின் முடிவு வந்தது. சாதாரண அறுவைக் கவசத்துக்கும் என்95க்கும் ஃப்ளூ தொற்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றன இரண்டும். மலிவானதே போதும் என்று நினைத்த நிர்வாகங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. ஆனால் அமெரிக்க ஆய்வில் கவசம் அணியச் சொன்னது நோயாளிக்கு ஆறடிக்குள் இருக்கும் நேரத்தில் மட்டுமே. காற்றில் மிதக்கும் நுண்துளி ஆறடிக் கோட்டில் நிற்பதில்லை. ஓய்வறையிலும் வீட்டிலும் பிடித்த காய்ச்சலும் இரு பக்கமும் சேர்ந்தே கணக்கில் ஏறும். இந்த முடிவுகளை என்95 வேண்டாம் என்பதற்கான சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் மாட்டுவதை மட்டும் மாற்றினால் அதிகம் மாறாது என்பதற்கான சான்றாகவே படுகின்றன.

மேல்படிகளைப் பற்றி நம் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நல்ல காற்று சுழன்று வரவேண்டும் என்று 13ஆம் பிரிவில் சொன்னது. 16ஆம் பிரிவு நெரிசலைப் பற்றியது: புதிதாகக் கட்டும் ஆலையில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் இருக்க வேண்டும், தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெற்றிடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. உயரமான கூரையைக் காட்டி ஆட்களை நெருக்கி அடைத்துவிடுவார்கள் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள்! மூச்சுக்கான இடம் ஓர் உரிமை என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம், ஆலைச்சுவரோடு நின்றுவிட்டது. சன்னலே திறக்காத குளிரூட்டிய அலுவலகம், ஜவுளிக்கடையின் நான்காம் மாடி, கால் சென்டர் எதுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை ஆகவில்லை.

இரண்டு நகரங்கள், ஒரே நாள்

2003 மார்ச் 7 அன்று கனடாவின் இரு நகரங்களில் இரு நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். இருவருக்கும் சார்ஸ், அந்தப் பெயர் அப்போது பிறக்கவில்லை. இருவருக்கும் நோய் வந்த மூலம் ஹாங்காங்கின் ஒரே ஓட்டல். வான்கூவரில் வந்தவரைச் சில நிமிடங்களில் தனி அறைக்கு மாற்றி, பணியாளர்கள் என்95 அணிந்துகொண்டார்கள். டொராண்டோவில் வந்தவர் நெரிசலான அவசரப் பிரிவில் பல மணி நேரம் கிடந்தார். வான்கூவரில் நோய் பரவவில்லை. டொராண்டோவை மையமாகக் கொண்டு 44 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருத்துவப் பணியாளர்கள்; இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தார்கள்.

இதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் ஆணையத்தின் அறிக்கை, தொழிலாளர் நலம் பற்றிப் பேசுகிற எவரும் படிக்க வேண்டியது. மே மாதம் நோய் அடங்கிவிட்டதாக நிர்வாகம் நம்பியபோது, ஒரு மருத்துவமனையின் செவிலியர் இது மறுபடியும் சார்ஸ்தான் என்று எச்சரித்தார்கள். ஒரே குடும்பத்தில் பலருக்கு ஒரே மாதிரி அறிகுறி என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. இரண்டாம் அலை அங்கிருந்து கிளம்பியது. ஆணையம் கண்ட முடிவு எளிது: ஆபத்தைக் குறைக்க நடவடிக்கை எடுப்பதற்கு அறிவியல் உறுதிப்பாடு வரும்வரை காத்திருக்கக் கூடாது. காற்றில் பரவுமா, துளியில் பரவுமா என்று நிபுணர்கள் வாதிட்டு முடிக்கும்வரை வார்டில் நிற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க முடியாதே.

உலக அளவில் சார்ஸ் பிடித்த 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். அந்தப் பாடம் பதினேழு ஆண்டு நிற்கவில்லை. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவால் உலகில் 80,000 முதல் 1,80,000 மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வளவு அகன்ற இடைவெளி ஏன் என்றால், எண்ணியவர்கள் குறைவு. நம் நாட்டிலேயே பாருங்கள். 2021 பிப்ரவரியில் 162 மருத்துவர்கள், 107 செவிலியர், 44 ஆஷா பணியாளர்கள் இறந்ததாக மாநிலங்களவையில் ஒன்றிய அரசு சொன்னது. மருத்துவர்களே எழுநூறு பேருக்கு மேல் என்று இந்திய மருத்துவச் சங்கம் மறுத்தது. சங்கம் வைத்திருக்கும் மருத்துவர் கணக்கே நான்கு மடங்குக்கு மேல் முரண்படுகிறது என்றால், சங்கமில்லாத பிணவறை ஊழியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், குப்பை அள்ளுகிறவர் கணக்கை யாரிடம் கேட்பது?

விதியா, அறிவுரையா?

அமெரிக்காவின் கதை இன்னொரு பாடம். அங்கே ஓஷா எனப்படும் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2007இலேயே ஃப்ளூ கொள்ளைநோய்க்கான வழிகாட்டியை வெளியிட்டது. வேலைகளை ஆபத்தின் அளவுப்படி நான்கு அடுக்காகப் பிரித்தது: மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வழிகாட்டி; மீறினால் தண்டனை இல்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது கலிபோர்னியா மாநிலம் மட்டும், காற்றில் பரவும் நோய்களிலிருந்து பணியாளரைக் காப்பதைக் கட்டாய விதியாக்கியது. ஒன்றிய அளவிலான விதிக்கு 2010இல் பிள்ளையார் சுழி போட்டார்கள். 2017இல் கிடப்பில் போட்டார்கள். 2021 ஜூனில் மருத்துவத் துறைக்கு மட்டும் அவசர விதி வந்தது. டிசம்பரில் பெரும்பகுதி விலக்கிக்கொள்ளப்பட்டது. விதி எதற்கு, தடுப்பூசி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் 2009ஐ நினைக்க வேண்டும். அந்த ஆண்டு தடுப்பூசி கைக்கு வரத் தொடங்கியது அக்டோபரில். அமெரிக்காவில் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டதும் அதே மாதத்தில்தான்.

அறிவுரைக்கும் விதிக்கும் உள்ள வித்தியாசம் இறைச்சி ஆலைகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் ஸ்மித்ஃபீல்டு கம்பெனியின் பன்றி இறைச்சி ஆலை. ஓடும் பட்டையின் இருபுறமும் தோளோடு தோள் உரசியபடி கத்தியோடு நிற்பார்கள். குளிரூட்டிய கூடம், இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்தித்தான் பேச வேண்டும். உடை மாற்றும் அறை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பொது. சுமார் நாற்பது மொழி பேசுகிற தொழிலாளர்கள். 2020 வசந்தத்தில் அங்கே 1,294 பேருக்குத் தொற்று, நால்வர் இறந்தார்கள். ஓஷா விதித்த அபராதம் 13,494 டாலர். அந்த வசந்தத்தில், ஏப்ரல் 28 அன்று, நாட்டுக்கு இறைச்சி தட்டுப்படக் கூடாது என்று ஆலைகளை ஓட்ட வழிசெய்யும் ஆணையில் அதிபர் கையெழுத்திட்டிருந்தார். முதல் ஓராண்டில் ஐந்து பெரிய இறைச்சிக் கம்பெனிகளில் குறைந்தது 59,000 பேருக்குத் தொற்று, 269 பேர் சாவு என்று பின்னால் நாடாளுமன்றக் குழு கண்டது. இறைச்சி அத்தியாவசியம் என்றார்கள்; அதை வெட்டியவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

நம் ஊரில் இதற்கு இணையாக நடந்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் தமிழகமே முடங்கியிருந்தபோது கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில நாள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனோ-நிஸான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உற்பத்தி வேகம் குறையாதபோது இடைவெளி எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. ஓடும் பட்டையில் கார்களுக்கு நடுவே காலி இடம் விட்டால்தான் ஒரு காரில் வேலை செய்பவரும் அடுத்த காரில் வேலை செய்பவரும் மோதிக்கொள்ளாமல் நிற்க முடியும். காலி இடம் என்றால் அந்த நாளில் அத்தனை கார் குறைவு. என் பார்வையில் கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் எழுந்த ஆகச் சரியான தொழிலாளர் கோரிக்கை இதுதான். ஏணியின் கடைசிப் படியை விட்டு மேலே ஏறச் சொன்ன கோரிக்கை அது. கவசத்தோடு நிற்கவில்லை. பட்டையின் ஓட்டத்தை மாற்றச் சொன்னார்கள்.

பட்டையை மட்டும் பார்த்தாலும் போதாது. வேலை நேரத்தில் கவசம் போட்டிருப்பவர் அதைக் கழற்றுவது எங்கே? கேன்டீனில், டீ நேரத்தில். கம்பெனி பஸ்ஸிலும் வேனிலும் சன்னலை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றாகத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் விடுதிக்குத் திரும்புகிறார்கள். நூற்பாலை விடுதிப் பெண்களையும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைகளையும் விட்டுவிட்டுத் தொற்றைப் பேசுவது பாதிக் கதை.

முதல் இரண்டு நாள்

ஃப்ளூ பிடித்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்பத் தொடங்குகிறார். மிக அதிகமாகப் பரப்புவது முதல் மூன்று நாட்களில். ஆகவே காய்ச்சல் கண்ட அன்றே வீட்டில் இருக்கவைப்பதுதான் வேலைத்தலத்தைக் காக்கும் மிக மலிவான வழி. இதற்குத் தடையாக நிற்பது மருத்துவம் அல்ல, கூலி.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அதன் விதிகளில் ஒரு முடிச்சு இருக்கிறது: நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது, பதினைந்து நாட்களுக்குள் மறுபடி படுத்தால் ஒழிய. பொய்க் காய்ச்சலைத் தடுக்க வைத்த விதி. ஃப்ளூவைப் பொறுத்தவரை ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டிய இரண்டு நாட்களுக்குத்தான் அது கூலி மறுக்கிறது. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கு அவரை அப்படித்தான் வரச் சொல்கிறது. தனியார் கம்பெனிகள் தரும் முழு வருகைப் போனஸும் இதே வேலையைச் செய்கிறது. சூ ஃபால்ஸ் ஆலையிலும் ஏப்ரல் மாத ஷிப்ட் எதையும் தவறவிடாதவர்களுக்கு 500 டாலர் அறிவித்திருந்தார்கள்!

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். கட்டட வேலை, வீட்டு வேலை, உணவு விநியோகம், சந்தை மூட்டை எல்லாமே அன்றாடக் கூலி. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 50 லட்ச ரூபாய்க் காப்பீடு மருத்துவத் துறைப் பணியாளர்களுக்கு, அதுவும் இறந்தால். சாவுக்குப் பணம் கொடுப்பது ஆறுதல். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனையைக் கொண்டுவருகிறது, வரவேற்கலாம். ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் ஆலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆகவும், மின்சாரம் இல்லாததற்கு 20லிருந்து 40 ஆகவும் உயர்த்திவிட்டது. திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட், கோவையின் லேத் பட்டறை, சிவகாசியின் அச்சகம் எத்தனை இந்த வரம்புக்குக் கீழே போய்விடும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பட்டறை முதலாளியிடம் லட்ச ரூபாய்க் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கச் சொல்ல முடியாது என்பது நியாயமான வாதம். அவரால் முடிவதும் உண்டு. அடைத்த சன்னலைத் திறப்பது, எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி மாட்டுவது, சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரிப்பது. இவற்றுக்குச் சட்ட வரம்பு உயர வேண்டியதில்லை. மேற்பார்வையிட ஆய்வாளர் வந்தால் போதும்.

பண்ணையும் கறிக்கடையும்

அடுத்த ஃப்ளூ கொள்ளைநோய் எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் யாருக்கு வரும் என்று ஓரளவு சொல்லலாம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கோழிகளில் கண்டறியப்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அதே வகைக் கிருமி கறவை மாடுகளில் தெரிந்தது. பின் மனிதருக்கு வந்தபோது பெரும்பாலும் பால் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கே வந்தது. பலருக்கு முதல் அறிகுறி கண் சிவப்பு. பால் கறக்கும் கூடத்தில் தொழிலாளி பள்ளத்தில் நிற்பார், மாட்டின் மடி அவர் முகத்துக்கு நேரே இருக்கும், பால் தெறித்துக் கண்ணில் விழும். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அங்கே அரைப் பாதுகாப்புதான். எந்த வேலையில் கிருமி உடம்பின் எந்த வாசல் வழியாக நுழையும் என்பது அந்த வேலையைச் செய்பவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் போடுகிற திட்டம் இப்படித்தான் முடியும்.

நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை போகும் நாமக்கல்லில் பண்ணைக்குள் வரும் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கிறார்கள். கோழியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. கோழிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவருக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது அதே அளவு அவசியம். மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே உடம்பில் சந்தித்துக் கலந்துவிடக் கூடாது என்பது அதற்கான காரணம். தெருமுனைக் கறிக்கடையைப் பாருங்கள். கழுத்தறுத்த கோழியை நீல பிளாஸ்டிக் டிரம்மில் போடுகிறார். துடிப்பு அடங்கியதும் வெந்நீரில் முக்கி, சுழலும் ரப்பர் விரல்கள் கொண்ட இயந்திரத்தில் போட்டு இறகை எடுக்கிறார். அந்தச் சுழற்சியில் தெறிக்கும் நீர்த்திவலைக்கு ஓரடி தூரத்தில் அவர் முகம் இருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு ஒரு மூடி வைத்துவிட்டால் ஏணியின் மூன்றாம் படி ஏறியாயிற்று.

தூசும் தொற்றும்

கிருமியைத் தனியாகவும் பிற தொழில் ஆபத்துகளைத் தனியாகவும் பார்ப்பது அலுவலகக் கோப்புகளின் வசதி. உடம்புக்கு அந்தப் பிரிவினை கிடையாது. தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலில்தான் 1940களில் இந்தியாவின் சிலிகோசிஸ் முதன்முதலாகப் பதிவானது. சிலிக்காத் தூசு படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். பஞ்சுத் தூசால் மூச்சிரைக்கும் நூற்பாலைத் தொழிலாளிக்கு ஃப்ளூ வந்தால் மற்றவருக்கு வருவது போல ஒரு வாரத்தில் போய்விடாது. தூசைக் குறைக்கும் உறிஞ்சுவிசிறி கிருமியையும் குறைக்கும். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான்.

பிற ஆபத்துகளையும் சட்டம் ஒரே மாதிரி பார்க்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதற்கு 2013 சட்டம் தடை விதித்தது. சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது. இறங்குவது நிற்கவில்லை. மாறாக, 2021இல் தமிழ்நாடு கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஆனால் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் காலில் புடைத்த நரம்பு வேலையால் வந்தது என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு நாற்காலி வந்துவிட்டது. காற்றில் இருப்பதற்கு இன்னும் வரவில்லை.

எப்படி நிரூபிப்பது?

வேலையில்தான் பிடித்தது என்று எப்படி நிரூபிப்பது? பஸ்ஸில் பிடித்திருக்கலாம், கல்யாண வீட்டில் பிடித்திருக்கலாம். நிர்வாகங்களின் கடைசி ஆயுதம் இந்தக் கேள்விதான், அது வெற்றுக் கேள்வியும் அல்ல. ஆனால் பதில் இருக்கிறது. இத்தாலி 2020 மார்ச்சிலேயே வேலையில் பிடித்த கொரோனாவை வேலை விபத்தாக ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா அதே ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது: நூறு பேர் வரை வேலை செய்யும் இடத்தில் பதினான்கு நாளுக்குள் நான்கு பேருக்குத் தொற்று வந்தால், அது வேலையில் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்றது அது; 2023 முடியும்வரை நடப்பில் இருந்தது. நிரூபிக்கும் பாரம் தோள் மாறியவுடன் காற்றோட்டத்தில் அக்கறை தானாக வரும்.

நம்மிடமும் கதவு பூட்டிக் கிடக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்றும் அபாயம் உள்ள வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில் நோயாக ஏற்கிறது: மருத்துவமனை, ஆய்வகம், கால்நடை, விலங்குகளைக் கையாளும் வேலை, இவை போன்று தனி அபாயம் உள்ள பிற வேலைகள். பழைய இழப்பீட்டுச் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் இதே வரி இருந்தது. அந்தக் கடைசிச் சொற்றொடருக்குள் கோயம்பேட்டின் மூட்டைத் தொழிலாளியையும் கொண்டுவர ஒரு நல்ல வழக்கறிஞரால் முடியும். 2025 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வேலைத்தலத்தின் உயிரியல் ஆபத்துகளுக்கென்றே முதல் உடன்படிக்கையை, 192ஆம் எண்ணில், நிறைவேற்றியது. அதை ஏற்கச் சொல்லி நம் மத்தியத் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கைக்கு இணையாகக் குரல் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே நோய் விடுப்புச் சம்பளம் என்பதை ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி தொழில் நோய்களைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதியபோது, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? நம் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பாலினம், ஊர் எல்லாம் இருக்கும். தொழிலுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எங்கே, பக்கத்தில் வேறு யாருக்கெல்லாம் காய்ச்சல் என்பதைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். இழப்பீடு கேட்டுப் போகிற நாளில் கையில் இருக்கப்போகிற சான்று அதுதான்.